மாறிலியை மாற்றியவர் யார்?

அத்தியாயம் 7

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்கியது. அந்த ஒரே காரணத்தால்தான் ஆஃப்ரின் மேல் எழுதிய போலீஸ் புகார் இன்னும் ஸ்டேஷன் போய்ச் சேரவில்லை.

புகார் தயாராக இருந்தது. டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, செல்லக்கண்ணுவின் மேஜையில் பித்தளைப் பிள்ளையாரின் கீழே கிடந்தது. தில்லை நகரிலிருந்த அந்த ஆபீசிலிருந்து ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். ஆனால் ராகு காலத்தில் செல்லக்கண்ணு ஒரு சோப்பு உறையைக்கூடப் பிரிக்க மாட்டார். பன்னிரண்டு மணி ஆனால்தான் செருப்பில் கால் வைப்பார்.

"அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுங்கம்மா," என்றார் ஜென்சியிடம். "இந்தப் பொண்ணு எங்க ரகசியத்தை யாருக்குக் கொடுத்துச்சுன்னு மட்டும் தெரியணும். கொடுத்தது யாருன்னு தேட வேணாம். அதை நானே கண்டுபிடிச்சிட்டேன்."

"நம்ம பாக்கியம்தான் மேடம்! பாதி கேஸ் முடிஞ்சுபோச்சு. மிச்சப் பாதிக்கும் இவரையே கேட்டுட்டா நாம காபி சாப்பிடப் போயிடலாம்," என்றான் ஆராவமுதன்.

ஆராவமுதன் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரன். ஜென்சியின் உதவியாளன், பைக் ஓட்டி, வாயாடி. மூன்றாவதைத்தான் முழுநேரமாகச் செய்தான். ஜென்சி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் துப்பறிவது பெரும்பாலும் மாப்பிள்ளைகளை. துபாயில் மேனேஜர் என்று சொல்லிக்கொண்ட எத்தனையோ பேரை, அங்கே என்ன மேனேஜ் பண்ணினார்கள் என்று தோண்டி எடுத்து, பெண்ணைப் பெற்றவர்கள் வயிற்றில் பால் வார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் ஆட்களுக்கும் வேலை செய்யாத நாட்கள் உண்டு என்பதுதான்.

செல்லக்கண்ணுவுக்கு அவளைத் தெரிந்ததும் கல்யாண வழியாகத்தான். மருங்காபுரிப் பக்கம் மானாவாரியில் கடலை போட்ட குடும்பம் அவருடையது. திருச்சிக்கு வந்து ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். அது குட்டி போட்டு நாலானது. வீட்டில் உட்கார்ந்தபடியே ஜனங்கள் மண்டபம் பிடிக்கட்டும் என்று 'சுபமண்டபம்' என்றொரு வெப்சைட் தொடங்கினார். அதற்கு மருமகன் ரஞ்சித் மேனேஜர். வெப்சைட்டை உண்மையில் எழுதியது ஆஃப்ரின்.

சில வாரங்களாக அந்த வெப்சைட்டுக்குப் பேய் பிடித்திருந்தது. ஒருவர் மண்டபம் பிடித்த சூடு ஆறுவதற்குள் போட்டோகிராபர், பந்தல்காரர், மேளக்காரர், மெஹந்தி போடுகிறவர் என்று வரிசையாகப் போன் வரும். பொன்மலை வேலம்மாள் மகளின் காதல் கல்யாணத்துக்கு யாருக்கும் சொல்லாமல் மண்டபம் பிடித்தாள். சமையல்காரர் ஒருவர் அவள் வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்த பெரியப்பாவிடமே, "பொண்ணு சைடு எத்தனை இலைங்க?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பறந்தது இலை மட்டுமல்ல.

"காரணம் இதுதான்," என்று ரஞ்சித் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். "கான்ஸ்டன்ட். அதாவது மாறிலி. வெப்சைட்ல நூறு பக்கம் இருந்தாலும் எல்லாத்துக்கும் பொதுவான விஷயத்தை ஒரே இடத்துல எழுதி வச்சிருப்போம். எல்லாப் பக்கமும் அதைப் பார்த்துதான் நடக்கும். அதுல 'டெவ் மோட்'னு ஒண்ணு. அதை இந்தப் பொண்ணு மாத்திடுச்சு."

"மாறாததுன்னு பேர் வச்சதை மாத்தவும் முடியுமா?" என்றான் ஆராவமுதன். "எங்க வீதியில கட்சிக்காரா கொள்கையைப் பத்தி இப்படித்தான் பேசுவா."

ஆஃப்ரினும் அங்கேதான் இருந்தாள். காலையிலேயே அவளுடைய லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு, விசிட்டர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

"வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் கதவைத் திறந்து போட்டிருப்போம்ல மேடம், அதுதான் டெவ் மோட்," என்றாள் மெல்ல. "ட்ரூன்னு போட்டா கதவு திறந்திருக்கும். எங்கயாவது தப்பு வந்தா, உள்ள இருக்கிறதையெல்லாம் வெப்சைட் அப்படியே திரையில கொட்டும். கட்டுற எங்களுக்கு அது வசதி. ஜனங்க வர ஆரம்பிச்சதும் ஃபால்ஸ்னு மாத்திக் கதவைச் சாத்திடணும். நான் முதல் நாளே சாத்திட்டேன். அந்த ஃபைல்ல பாருங்க, ஃபால்ஸ்னுதான் இருக்கும்."

"இப்ப ஃபால்ஸ்தான்," என்றான் ரஞ்சித். "மாட்டிக்கிட்டதும் மாத்தி வச்சிருப்பே."

ஆஃப்ரினின் கண் கலங்கியது. "எங்க அத்தா பாலக்கரையில அத்தர் கடை வச்சிருக்காங்க மேடம். பஷீர் அகமதுன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். ஜும்ஆ தொழுகை முடிஞ்சு கடைக்கு வர்றவங்க, 'உங்க பொண்ணை ஸ்டேஷன்ல பார்த்தோமே'ன்னு கேட்டா அவர் என்ன சொல்லுவாரு? வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். திருடின்னு பேர் வந்தா அதை எங்க போய்க் கழுவுறது?"

ஜென்சிக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு ராகு காலத்தை நீட்ட முடியாதே.

"அந்த சர்வர்ங்கிறது எங்க இருக்கு?" என்றாள்.

சர்வர் பூஜை அறையில் இருந்தது. ஊரெல்லாம் கிளவுடில் வைக்கிறார்களே என்று சொன்னவர்களிடம், "என் நெல்லை மேகத்துல கொட்டி வைக்க மாட்டேன், என் குதிர்லதான் வைப்பேன்," என்று செல்லக்கண்ணு சொல்லிவிட்டாராம். கறுப்புப் பெட்டி ஒன்று. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்து மாதிரி ஓர் இடம் கண்டுபிடித்து அதில் மாலை. மேலே ஒரு போர்டு: 'நல்ல நேரம் பார்த்து, புது மாலை சாத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கிய பின்பே ரீஸ்டார்ட் செய்யவும்.'

"ரீஸ்டார்ட் எதுக்கு?" என்று ஜென்சி கேட்டாள்.

"எதை மாத்தி எழுதினாலும், ஒரு தடவை அணைச்சுப் போட்டாத்தான் சர்வர் அதைப் படிக்கும்," என்றாள் ஆஃப்ரின்.

"அதான் நாள் பார்த்துச் செய்யறோம்," என்றார் செல்லக்கண்ணு பெருமையாக. "மத்தபடி வேலை நிக்காதும்மா. இன்னைக்குக் காலையிலகூட 'ஆனி முகூர்த்தத்துக்கு ஐஸ்கிரீம் இலவசம்'னு வெப்சைட்ல போட்டோம். பாத்தீங்கல்ல?"

ஜென்சி மாலையைத் தொட்டாள். பொல பொலவென்று உதிர்ந்தது. அப்பளம்கூட அந்த அளவுக்குக் காய்ந்திருக்காது. உதிர்ந்ததை அவள் கைக்குட்டையில் முடிந்துகொண்டபோது ஆராவமுதன் எட்டிப் பார்த்தான்.

"மரிக்கொழுந்தை நடுநடுவுல விட்டுக் கட்டியிருக்கு. இது மாரியாயி கட்டு. எங்க ராஜகோபுரத்துக்கிட்ட கடை போட்டிருக்கா."

"அங்கயும் போகணும். முதல்ல பாலக்கரை," என்றாள் ஜென்சி. ஆஃப்ரினிடம் குனிந்து, "போனைக் கையிலேயே வச்சிரும்மா," என்றாள்.

பாலக்கரைக்குக் காரணம் இருந்தது. பொன்மலைக்காரி வேலம்மாள் வந்து புலம்பியதும், அவளுக்கு முதலில் வந்த போன் யாருடையது என்று ஜென்சி நேற்றே விசாரித்திருந்தாள். போட்டோகிராபர் மன்சூர். சைக்கிளும் ஆட்டோவும் முட்டிக்கொள்கிற ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே அவன் ஸ்டூடியோ. திருடனைப் பிடிக்கப் போகிறோம் என்று ஆராவமுதன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான். மன்சூர் இரண்டு பேருக்கும் ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீ சொன்னான்.

"ரகசியமாக்கா?" என்று சிரித்தான். "பாலக்கரையில இது தெரியாத பூக்கடை, பந்தல்கடை இருந்தா காட்டுங்க. போர்டு எழுதி மாட்டாத குறைதான். இருங்க, இப்பவே காட்டுறேன்."

போனில் சுபமண்டபத்தைத் திறந்தான். ஐஸ்கிரீம் இலவசம் என்று அது பல்லை இளித்தது. தேதி கேட்ட இடத்தில் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றை அமுக்கினான். பக்கம் வெளுத்தது. பிறகு பொடி எழுத்துகள் அருவியாகக் கொட்டின. ஏதேதோ ஜாவா புலம்பலுக்கு நடுவே, கடைசியாக மண்டபம் பிடித்தவர்களின் பெயர், ஊர், போன் நம்பர்.

"என் தங்கச்சி ஜஹானாராவுக்கு நிக்காஹ் வச்சிருக்கோம். எங்க ஆளுங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். ஆடியில மண்டபம் சும்மாதானே கெடக்கும்னு தேதி பார்த்தேன். பார்த்தா இப்படி! மச்சான் பந்தல் போடுறான், அவன்கிட்டச் சொன்னேன். அவன் மேளக்காரர்கிட்டச் சொன்னான். 'ஆடி போட்டா அள்ளலாம்'னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தப்பாக்கா?"

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பா. இங்கே அட்ரஸ் பறக்கிறது," என்றான் ஆராவமுதன்.

"தப்புதான் தம்பி. கதவு திறந்து கெடந்தா சாத்திட்டு வரணும், உள்ள போய் அண்டாவை எண்ணக் கூடாது," என்றாள் ஜென்சி. மன்சூர் தலையைச் சொறிந்தான். போனைக் கீழே வைத்தான்.

ஜென்சி ஆஃப்ரினைக் கூப்பிட்டாள்.

"ஆடி தேதியைப் போட்டா ஏம்மா தப்பு வருது?"

"ஆடிக்கு முகூர்த்தமே வெப்சைட்ல ஏத்தலை மேடம். காலி. காலியைப் படிச்சா தடுக்கி விழும். ஆடியையும் போட்டுச் சோதிச்சுப் பார்க்கணும்னு நான் அப்பவே சொன்னேன். 'ஆடியில எவன் கல்யாணம் பண்ணுவான், அபசகுனமாப் பேசாதே'ன்னு ரஞ்சித் சார் சொல்லிட்டாரு."

"சரி. மாலை காஞ்சு சருகாக் கெடக்கு. அப்ப சர்வரை ரொம்ப நாளா அணைச்சுப் போடலை. ஆனா இன்னைக்குக் காலையில எழுதின ஐஸ்கிரீம் இப்ப வெப்சைட்ல இருக்கு. எப்படி?"

 அந்தப் பக்கம் ஆஃப்ரினின் குரல் மாறியது.

"டெவ் மோட் திறந்திருந்தா, ரீஸ்டார்ட் இல்லாமலே எழுத எழுதப் படிச்சுக்கும் மேடம்."

"ஐஸ்கிரீமைப் படிச்ச சர்வர், நீ எழுதின ஃபால்ஸை மட்டும் ஏம்மா படிக்கலை?"

"படிச்சிருக்கும் மேடம்! ஆனா அதுக்கப்புறம் வேற யாரோ ட்ரூன்னு சொல்லியிருக்காங்க. ஒரே மாறிலியை மூணு இடத்துல எழுதலாம். சர்வர் ஒவ்வொண்ணா வரிசையாப் படிக்கும். கடைசியா எது சொல்லுதோ அதுதான் செல்லும். என் ஃபைல் முதல்ல வர்றது. கடைசி ஃபைல் சர்வருக்குள்ளயே இருக்கு. அதோட பாஸ்வேர்டு என்கிட்ட இல்லை."

"எங்க கோயில்ல முதல் மரியாதைக்குத்தான் சண்டை போட்டுப்பா," என்றான் ஆராவமுதன். "இங்கே கடைசி ஆளுக்குத்தான் மரியாதையா? பெருமாளே!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. அந்தக் கடைசி ஃபைல்ல ட்ரூன்னு எழுதினவங்க, ரீஸ்டார்ட் பண்ணாமத் தப்பிக்க முடியுமா?"

"முடியாது மேடம். அன்னைக்கு ஒரு தடவை கட்டாயம் அணைச்சுப் போட்டிருக்கணும்."

ஜென்சி கைக்குட்டை முடிச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். "வண்டியை எடு அமுதா. அணைச்சுப் போட்ட அன்னைக்கு மாலை சாத்தியிருக்காங்க. அதை வாங்கினவங்கதான் அன்னைக்கு அந்தப் பெட்டி முன்னாடி நின்னவங்க."

"ரஞ்சித்துதான், சந்தேகமே இல்லை. மாரியாயிக்கு ஒரு போன் போட்டா ஆகாதா?"

"எடுப்பாளா?"

"எடுக்க மாட்டா. ரெண்டு கையாலயும் பூ கட்டிண்டிருப்பா."

காவிரிப் பாலத்தில் வழக்கம்போல் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது. ஒரு கல்யாண வேன் குறுக்கே புகுந்து மீதியையும் நிறுத்தியது. ஆராவமுதன் அந்த வேனைப் பாசுரத்தில் இல்லாத வார்த்தைகளால் அர்ச்சித்து, இடுக்கில் நுழைந்து, ராஜகோபுரத்தடியில் கொண்டு போய் நிறுத்தினான்.

மாரியாயி விரல்களை நிறுத்தாமலே கைக்குட்டையைப் பார்த்தாள். "என் மாலைதான். தில்லை நகரு பொட்டிக்குப் போட்டது. முன்னெல்லாம் அந்த மருமவப் புள்ள வாரத்துக்கு ரெண்டு வாங்கும். இதோட நின்னுபோச்சு."

"இதை வாங்கினது யாரும்மா?"

மாரியாயி சொன்னாள். அதை வாங்கியவர் என்ன பேசினார் என்பதையும் சொன்னாள். ஆராவமுதனின் வாய் திறந்தபடி நின்றது. அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஜென்சி அவனை வேலைக்கு வைத்ததிலிருந்து இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

அவர்கள் திரும்பி வந்தபோது ராகு காலம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. செல்லக்கண்ணு வாசலில் செருப்பைச் சரியான திசையில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சீங்களாம்மா? யாருக்குக் கொடுத்துச்சு?"

"பாலக்கரைக்கே கொடுத்திருக்கீங்க ஐயா," என்றாள் ஜென்சி. மன்சூர் செய்ததை அவர் கண்ணெதிரே அவர் போனிலேயே செய்து காட்டினாள். ஆடி, ஞாயிறு, அருவி. "இந்த நிமிஷமும் கொட்டுது. ஆஃப்ரின் எழுதின ஃபால்ஸுக்கு அப்புறம் யாரோ ட்ரூன்னு எழுதியிருக்காங்க. ரஞ்சித், அந்தக் கடைசி ஃபைலைத் திறங்க."

ரஞ்சித் நகரவில்லை. செல்லக்கண்ணு ஒரு அதட்டல் போட்டார். பூஜை அறையில் திரை வெளிச்சம் வந்தது. ஆஃப்ரின் எட்டிப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். டெவ் மோட், ட்ரூ.

"அடப்பாவி!" செல்லக்கண்ணு மருமகன் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு தலையெழுத்தே..."

"அவசரப்படாதீங்க ஐயா. இந்த வரியைச் சேமிச்சவங்க பேரு பக்கத்துலயே இருக்கு. படிங்க."

செல்லக்கண்ணு கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். பெயர் மாறவில்லை. செல்லக்கண்ணு என்றுதான் இருந்தது.

"நானா?"

"மாரியாயிகிட்ட நீங்களே நேர்ல போய் மாலை வாங்கியிருக்கீங்க. 'இதான் கடைசி மாலை, இனிமே எங்க சர்வரை அணைச்சுப் போடவே வேண்டியதில்ல, ராகு காலமும் கிடையாது எமகண்டமும் கிடையாது'ன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

ரஞ்சித்துக்கு அப்போதுதான் குரல் வந்தது. "நீங்கதானே மாமா சொன்னீங்க? ஒவ்வொரு தடவையும் நல்ல நேரத்துக்குக் காத்திருந்தா பிசினஸ் நடக்காது, ரீஸ்டார்ட் இல்லாம ஓடுற மாதிரி ஒரு வழி பண்ணுன்னு. நான் அந்த வரியை எழுதினேன். கைராசி உங்களுக்குத்தான்னு நீங்களே லாகின் பண்ணி, சூடம் காட்டி, பட்டனை அமுக்கினீங்க."

"அப்ப இந்தப் பொண்ணுன்னு ஏன்டா சொன்னே?"

"காலையிலதான் எனக்கே புரிஞ்சது. உங்ககிட்ட எப்படி மாமா சொல்றது?"

மாமனாரிடம் சொல்லப் பயந்து ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பத் துணிந்திருக்கிறான். ஜென்சி எத்தனையோ மாப்பிள்ளைகளை விசாரித்தவள். இவனை விசாரிக்கக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆராவமுதனுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "ஐயா, பன்னிரண்டு மணிக்கு நீங்க தாராளமா ஸ்டேஷனுக்குப் போகலாம். புகார்ல ஒரே ஒரு பேரை மாத்தினாப் போதும். நீங்களே போறதால ஆளையும் தேட வேண்டாம்."

செல்லக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். அது விசிட்டர் நாற்காலி என்பதைக் கவனிக்கவில்லை. "இப்ப என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார். ஜென்சியைக் கேட்கவில்லை, ஆஃப்ரினைக் கேட்டார்.

"அந்த வரியை அழிக்கணும் சார். அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். இப்பவே."

"இப்பவேயா?" அவர் கண் கடிகாரத்துக்குப் போனது. "ராகு காலம் முடியட்டுமேம்மா. மாலைகூட வாங்கலை..."

"அதுக்குள்ள இன்னொரு வேலம்மாள் வீட்டுக்குப் போன் போகும் சார்."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆஃப்ரின் வரியை அழித்தாள். காய்ந்த மாலையை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டாள். விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்தன. ஜென்சி போனில் மறுபடி ஆடி ஞாயிறைத் தொட்டாள். 'மன்னிக்கவும், சிறு கோளாறு' என்று ஒரே ஒரு வரி வந்தது. அதற்கு மேல் ஒரு நம்பரும் இல்லை, ஒரு பெயரும் இல்லை.

செல்லக்கண்ணு ஒரு கண்ணைத் திறந்தார். கூரை இடிந்து விழவில்லை. இன்னொரு கண்ணையும் திறந்தார்.

ஆஃப்ரின் அதற்குள் அவர் மேஜைக்குப் போயிருந்தாள். பித்தளைப் பிள்ளையாரை இரண்டு கையாலும் மரியாதையாக நகர்த்தி வைத்தாள். மஞ்சள் தடவிய புகாரை எடுத்தாள். தன் பெயர் டைப் அடித்திருந்த இடத்தை ஒரு தடவை படித்தாள்.

"அம்மா, அம்மா!" செல்லக்கண்ணு பதறி எழுந்தார். "தப்பு என்னோடதுதான், கிழிச்சிடலாம். ஆனா ராகு காலத்துல கிழிக்கக் கூடாதும்மா. கொஞ்சம் பொறு, பன்னிரண்டு ஆகட்டும்."

"ராகு காலத்துல ஆரம்பிக்கத்தான் கூடாது சார்," என்றாள் ஆஃப்ரின். "முடிக்கலாம். உங்க ஆபீஸ்ல இருந்ததுல இதையும் சேர்த்துத்தான் கத்துக்கிட்டேன்."

புகாரை நாலாகக் கிழித்து, துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு ரஞ்சித்தின் மேஜையிலிருந்த தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, வாசலில் இருந்து அத்தாவுக்குப் போன் போட்டாள். ஜும்ஆவுக்குக் கிளம்பிவிட்டீர்களா என்றுதான் கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.